ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

"யோவ், இங்கிலீஷ்ல 'வீனல்'னா காசுக்கு விலைபோறவன். 'வீனியல்'னா மன்னிக்கக்கூடிய தப்பு. ரெண்டும் ஒரே வேர்ல இருந்து வந்ததுன்னு எந்த மடையன் சொன்னான்?" மாடில்டா மேஜையைத் தட்டியதில் பியர் தளும்பியது.

"நான்தான் சொல்றேன்! லத்தீன்ல ரெண்டும் ஒண்ணுதான்!" டெஸ்மண்டும் விடவில்லை.

யார்க்‌ஷரின் அந்தச் சிறிய பப்பில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த பிலிப்பா, கிளாஸ்களைத் துடைத்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் அங்கே நடக்கும் வினாடி வினா எப்போதோ முடிந்துவிட்டது. இவர்கள் மட்டும் ஓயவில்லை.

"ஒரு வார்த்தைக்காக இப்படி அடிச்சுக்கிட்டா குடும்பம் என்னத்துக்கு ஆகும்?" என்றாள் முதலாளி ராயிடம்.

"வாராவாரம் இதே கூத்துதான். போன வாரம் வேற ரெண்டு வார்த்தை."

பிலிப்பா போனில் தேடினாள். "வேர் வேறவேறதான். ஒண்ணு விக்கிறதுலேர்ந்து வந்தது, இன்னொண்ணு மன்னிப்புலேர்ந்து. அந்தம்மா சொல்றதுதான் சரி. போய்ச் சொல்லிடறேன், சண்டை தீரட்டும்."

ராய் பாய்ந்து வந்து தடுத்தார். "உனக்குப் புண்ணியமாப் போகும், வாயைத் திறக்காதே! அந்த ஆளு முப்பது வருஷம் லத்தீன் வாத்தியார். அவருக்குத் தெரியாதா?"

"பின்னே ஏன் தப்பாச் சொல்றார்?"

"சரியாச் சொன்னா அந்தம்மா 'ஆமா'ன்னுட்டுக் கிளம்பிடும். ஒரே வீட்டுல இருந்தவரைக்கும் ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசினதில்ல. விவாகரத்தாகி ஆறு வருஷமாச்சு. சமாதானம் பண்றேன்னு மறுபடியும் பிரிச்சுடாதே."

பிலிப்பா போனை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த ஞாயிறு வாய்யா, நிரூபிச்சுக் காட்டறேன்!" என்று அதட்டியபடியே டெஸ்மண்டின் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிவிட்டாள் மாடில்டா.