ஏழு வெள்ளைத் தையல்கள்

"இந்த ரேஸ் சைக்கிள் பக்கம் வராதே. எல்லாம் அந்தக் காலத்து அசல்."

"துடைக்கக்கூட வேண்டாமாங்க?"

"இதைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

அவள் அண்ணன் கொடுத்த கல்யாணப் பரிசைக் காட்டி, கல்யாணமான முதல் வாரமே கணவர் சொன்னது. இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்தப் பக்கம் கையை நீட்டியதில்லை.

இன்று பழைய சைக்கிள் சங்கத்துக்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள். பிடித்துப்போனால், மாலையே அது அவர்கள் காட்சிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும்.

வழுக்கைத்தலைக்காரர் உருப்பெருக்கியோடு குனிந்தார். "கியர் லீவர் அசல். பெடல் வார்கூட அசல். அட, ஹேண்டில்பார் துணியில இந்த வெள்ளைத் தையலைப் பாருங்க! ஒரே சீரா ஏழு!"

"கம்பெனித் தையல் சார்" என்றார் கணவர். "அந்த வருஷம் மட்டும்தான் அப்படி வந்துச்சு. நானே கட்டுரை எழுதியிருக்கேன்."

"ஓட்டினவன் பெரிய கில்லாடியா இருந்திருப்பான். யாரு?"

"என் மச்சான்தான். கேட்டா சிரிச்சு மழுப்புவார்."

காபித் தட்டை மேஜையில் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். மனசு மரத்துக் கிடந்தது. வாய் மட்டும் பேசியது.

"அது கம்பெனித் தையல் இல்லீங்க. பந்தயத்துக்கு முந்தின நாள் துணி கிழிஞ்சுபோச்சு. அம்மாவோட ஊசியில நான்தான் தைச்சேன். மறுநாள் ஜெயிச்சதும் நான்தான். கல்யாணம் நிச்சயமானதும், இனி இவளுக்கு எதுக்குன்னு அண்ணன் உங்களுக்குக் கொடுத்துட்டார்."

கணவரின் காபி வாய்வரை போய் அப்படியே நின்றது.

"கண்ணாடிக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு ரவுண்டு நான் ஓட்டிட்டு வரட்டுமா?"