ஒன்பதாவது மாடித் தக்காளி

ஒன்பதாவது மாடியில், கடையில் வாங்கிய மண்ணில், ஒரே ஒரு தக்காளிச் செடி. அதன் இலைக்குள்ளும் புழு தின்றுபோன அந்த வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து ஓடியிருந்தது. மங்கை அப்படியே நின்றுவிட்டாள். குவார்ட்டர்ஸில் இருந்தபோது அவள் தக்காளிக்கும் பக்கத்து வீட்டு ஃபிலோமினாவின் அவரைக்கும் நடுவே ஒரு கம்பிவேலிதான். காலையில் இருவரும் வேலியோரம் நின்று, கோடு விழுந்த இலைகளை வெயிலுக்கு நேரே பிடித்து, உள்ளே நெளியும் புழுவை நகத்தால் நசுக்கியபடி ஊர்க்கதை பேசுவார்கள். ஒருநாள் பேச்சு தடித்து, “உங்க அவரையிலேர்ந்துதான் ஈ வந்து என் செடியில முட்ட வெக்குது” என்றுவிட்டாள் மங்கை. மறுநாளே ஃபிலோமினா அவரைக் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டாள். பேச்சும் அதோடு நின்றது. பதினோரு வருஷம்.

இங்கே சுற்றுவட்டாரத்தில் ஒரு அவரைக் கொடிகூடக் கிடையாது.

போனை எடுத்து ஃபிலோமினாவை அழைத்தாள். “அக்கா, மங்கை பேசறேன். இங்கயும் வந்துடுச்சுக்கா, அந்த ஈ.”

“வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. புழு உள்ள இருக்கா?”

ஜன்னலில் உயர்த்திப் பார்த்தாள். நூலாகத் தொடங்கிய கோடு அகன்றுகொண்டே போய், ஓரத்தில் ஒரு சின்னக் கீறலோடு முடிந்திருந்தது.

“போயிடுச்சுக்கா.”

“அடுத்த எலையப் பாரு.”