இடப்பக்க ஸ்பீக்கர்

2006 தீபாவளிக்கு இன்னும் அறுபத்திரண்டு நாள் இருந்தது. பட்டாசுக் கம்பெனி போர்மேன் முனியராஜ், முதலாளி ராஜபாண்டியன் வீட்டு முற்றத்தில் அணுகுண்டு சாம்பிளை வெடித்துக் காட்டினான். முதலாளி வழக்கம்போல ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"சத்தம் பத்தல. மருந்தக் கூட்டு."

மருந்து அடைக்கும் அறையில் முனியராஜின் மனைவி பொன்மணி வேலை பார்த்தாள். அவன் தயங்கி நின்றான். முதலாளி அவனை வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் புது ஸ்பீக்கர்களைக் காட்டினார்.

"சும்மா நிக்காம இதைப் பாருலே."

முதலாளி கல்லூரியில் கேசட் தேயத் தேயக் கேட்ட இங்கிலீஷ் சிந்தசைசர் பாட்டுகளை, இப்போது சுற்றிலும் வைக்கும் ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்து, டீலக்ஸ் டிஸ்க் பெட்டியாக வெளியிட்டிருந்தார்கள். லண்டனிலிருந்து மகள் அனுப்பியிருந்தாள்.

"நாலாப் பக்கமும் இருந்து வரும்னு மக சொன்னா. இடதுபக்கம் சத்தம் பத்தல."

"எனக்கு நல்லாக் கேக்குதே, மொதலாளி."

"வெடிக்குள்ளயே கிடக்குற காதுக்கு என்னலே தெரியும்? மாத்து."

முனியராஜ் வயரை மாற்றினான். இடது ஸ்பீக்கரையும் வலது ஸ்பீக்கரையும் இடம் மாற்றினான். அப்போதும் இடதுபக்கம்தான் குறை.

கடைசியில் அவன் ஸ்பீக்கரைத் தொடவில்லை. முதலாளி உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பினான்.

"ஏலே, அது சரியாயிருச்சு! ஆனா நல்லாருந்த பக்கத்தைக் கெடுத்துட்டியே. இப்ப இங்கன சத்தம் பத்தல."

முனியராஜ் வயரைக் கீழே வைத்தான்.

"மொதலாளி, ரெண்டு வருசமா வலது காதைப் பொத்திக்கிட்டுத்தானே சாம்பிளுக்குச் சத்தம் பத்தலன்னு சொல்றீக?"