நேர்த்தி தெரிந்த எலி

அம்மா இந்த எலிக் கதையைச் சொன்ன நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம்தான். ஆனால், நான் வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். என் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்து, பல வருஷம் கேட்காமல் இருந்துவிட்டேன்.

அது நடந்தபோது நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இரண்டு சமையலறை சிங்க்கும் சுவருக்குள் ஒரே குழாயில் போய்ச் சேரும்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை. சித்தப்பா இரவல் வாங்கிப் போன அப்பாவின் குடை, கம்பி உடைந்து திரும்பி வந்ததில் தொடங்கிய சண்டை. சித்தப்பா வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகத் தயாராக இருந்தார். விலை பேச மறுநாள் ஆள் வருவதாக ஏற்பாடு.

"எல்லாம் அந்த ரெண்டு பொம்பளைங்களால வந்தது" என்றது தெரு. அம்மாவும் சித்தியும் சுவர் அதிரத் திட்டிக்கொள்வார்களாம்.

அன்று காலை இரண்டு சிங்க்கும் ஒருசேர அடைத்துக்கொண்டன.

அப்பா பிளஞ்சரை எடுத்து, ரப்பர் தலையைத் துளைமேல் வைத்து, ஓங்கி நாலு குத்து குத்தினார். இங்கே தண்ணீர் இறங்கவில்லை. அங்கே சித்தப்பா அலறினார்.

"மூஞ்சியெல்லாம் சாக்கடை. வேணும்னே பண்றாரு."

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "அந்தப் பக்கத் துளையை மூடினாத்தான் இங்க குத்தறது வேலைக்கு ஆகும்னு அவன்கிட்ட சொல்லு."

"அந்த வீட்டோட எனக்கென்ன பேச்சு?"

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியும் கறாராகச் சொன்னாள்: "நான் தூது போக மாட்டேன். உங்க வாய் எங்க போச்சு?"

வேறு வழியில்லை. அப்பா சுவரைப் பார்த்துப் பேசினார்.

"டேய், துளைமேல ஈரத்துணியை வெச்சு அமுக்குடா."

"அமுக்கியாச்சு. குத்துங்க."

"விட்டுடாதே."

"விட்டா குளிக்கப் போறது நான்தானே."

இந்தப் பக்கம் தலை துவட்டுகிற நீலக்கோடு போட்ட துண்டு ஒன்றின் பாதி மேலே வந்தது. பிறகு பிளஞ்சர் ஜன்னல் வழியாகக் கை மாறியது. சித்தப்பா குத்த, அப்பா அமுக்க, மறுபாதி அங்கே வந்தது. தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

சித்தப்பா தன் பாதியோடு ஓடி வந்தார். இருவரும் சொட்டச் சொட்ட நனைந்தபடி தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

"எலி வேலை" என்றாள் அம்மா.

"எலியாத்தான் இருக்கும்" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற சித்தி.

சித்தப்பா அசந்துபோனார். "என்ன நேர்த்தி பாருங்கண்ணே. நூல் பிடிச்ச மாதிரி கடிச்சிருக்கு."

"உன்னைவிட அது தேவலைடா" என்றார் அப்பா. "என் குடையை மட்டும் அதுகிட்ட இரவல் கொடுத்திருந்தா, ஒழுங்காத் திரும்பி வந்திருக்கும்."

சித்தப்பாதான் முதலில் சிரித்தாராம். விலை பேச வந்தவர் மறுநாள் காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

போன வாரம் அம்மாவும் சித்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எலியை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, அந்த எலி கத்தரிக்கோலை எடுத்தது நம்ம வீட்டிலேர்ந்தா, சித்தி வீட்டிலேர்ந்தா?"