வாசலில் என்ன பெய்கிறது?

"உங்க வீட்டு வாசல்ல என்ன பெய்யுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களாம்மா?"

"யாருப்பா நீ?"

"வானிலை நிலையத்துலேர்ந்து ரெமி பேசறேன்."

மறுமுனையில் அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லாருக்கே கதை! நாங்க உங்களக் கேட்ட காலம் போயி, இப்ப நீங்க எங்களக் கேக்க ஆரம்பிச்சாச்சா?"

ரெமிக்குக் காது சிவந்தது. சிரிக்கட்டும். கியூபெக்கில் இருபது வருஷமாக வானிலை சொல்கிறவன், டெலிபோன் டைரக்டரியை விரித்து வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டுக் கெஞ்சினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

செயற்கைக்கோள் படம், ரேடார் படம் எல்லாம் மேஜையில் பரப்பிக் கிடந்தன. மேகம் தெரிந்தது, மழை தெரிந்தது. ஆனால் சேந்த்-ஓரேல் பள்ளத்தாக்கில் அந்த மழை தரையைத் தொட்டதும் தண்ணீராக ஓடுகிறதா, பனிக்கட்டியாக உறைகிறதா என்பது எதிலும் தெரியவில்லை. ஒரே ஒரு டிகிரி வித்தியாசம்தான். மிக அருகில் இருந்த வெப்பமானியே நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

இன்னொரு போனில் அந்த ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் கஸ்தோன் காத்திருந்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு பள்ளிப் பேருந்து இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும். ஆற்றை ஒட்டி இறங்குகிற பாதை. சறுக்கினால் நேரே ஆறுதான்.

நிறுத்தச் சொல்லிவிடலாமே என்றால், போன மாதம் அப்படித்தான் சொன்னான். பள்ளிக்கூடம், கடை எல்லாவற்றையும் மூடினார்கள். அன்றைக்கென்று பார்த்து வெயில் ஜம்மென்று அடித்தது. மறுவாரம் யாரோ தபாலில் அவனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி அனுப்பியிருந்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் நம் பேச்சை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்று மேலதிகாரி கடுகடுத்தார்.

"நாலு பேரக் கேட்டுட்டேம்மா. நாலு பேரும் ஜன்னல் வழியாப் பாத்துட்டு வெறும் மழைங்கறாங்க. ஹெட்மாஸ்டரும் அதான் சொல்றாரு. ஸ்கூல் பஸ் கிளம்பப் போகுது, அதான் பயமா இருக்கு."

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். "வெறும் மழையா? கூரைச் சத்தம் அப்படிச் சொல்லலியே. தகரத்துல சடசடன்னு விழுந்துட்டிருந்தது, இப்ப அரை மணியா அமுங்கிப் போச்சு. இருப்பா, பட்டாணி சூப்ப இறக்கி வச்சுட்டு வாசலுக்குப் போய்ட்டு வரேன்."

"சீக்கிரம்மா!"

போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ரெமி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு நிமிடம். ஏழு. அந்த அம்மாள் சூப்பைக் குடித்துவிட்டே வருவாள் போலிருந்தது.

"தம்பி, படிக் கைப்பிடியில கை நிக்கவே மாட்டேங்குது, வழுக்கிட்டு ஓடுது. துணிக்கொடிக் கம்பி பென்சில் பருமன் ஆயிடுச்சு. கிளிப்பெல்லாம் அதோட ஒட்டிக்கிச்சு."

"நிச்சயமா ஐஸுதானா? வெறும் ஈரமா இருக்கப் போகுதும்மா."

"ஈரத்துக்கும் ஐஸுக்கும் வித்தியாசம் தெரியாமயா இந்த ஊர்ல அம்பது வருஷம் குப்பை கொட்டினேன்? நம்பலேன்னா இந்தா, நீயே கேளு."

ஒயர் எட்டும் மட்டும் இழுத்து ரிசீவரை வெளியே நீட்டினாள் போலும். ரெமி காதில் அழுத்தி வைத்துக்கொண்டான்.

காடே கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. ஆயிரம் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசுவது போல, கிட்டேயும் தூரத்திலும், மேலேயும் கீழேயும். திடீரென்று துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். பின்னாலேயே கலகலவென்று எதுவோ நொறுங்கிக் கொட்டியது.

"பக்கத்து வீட்டு மேப்பிள் மரம்," என்றாள் அவள். "பாரம் தாங்காம கிளை போச்சு."

ரெமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ புயல்களைக் காகிதத்தில் வரைந்திருக்கிறான். ஒன்றுகூட அவனிடம் இப்படிப் பேசியதில்லை. அம்மாடி, இவ்வளவு பெரிதையா நாம் ஒரு கோடாக வரைந்துகொண்டிருந்தோம் என்று மலைத்துப் போனான்.

"உங்க பேரென்னம்மா?"

"ஓதில். ஆத்தங்கரை ஓதில்னா ஊருக்கே தெரியும்."

ரெமி மற்ற போனைப் பிடுங்காத குறையாக எடுத்தான். "சார், பஸ்ஸை விடாதீங்க!"

"மறுபடியுமா?" கஸ்தோன் எரிந்து விழுந்தார். "ரோடு ஈரமாப் பளபளன்னு இருக்கு, என் ரெண்டு கண்ணால பாத்துட்டிருக்கேன். ஒரு கறுப்புக் கண்ணாடி போதாதா உங்களுக்கு?"

"இன்னும் நூறு அனுப்புங்க, வாங்கிக்கறேன். பஸ் மட்டும் கிளம்பக் கூடாது!"

அவர் முணுமுணுத்தபடி ஓட்டுநரிடம் சொல்லப் போனார். ஐந்து நிமிடம் கழித்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது ஆள் குரலே மாறியிருந்தது.

"சார், வாசப்படியில கால வச்சேன், அவ்வளவுதான், மல்லாக்க விழுந்தேன்! அத்தனையும் ஐஸு. தண்ணி மாதிரித் தெளிவா இருக்கு, வித்தியாசமே தெரியல. பால் லாரி ஒண்ணு என் கண்ணு முன்னால பம்பரமாச் சுத்தி, ஆத்துக்கு ரெண்டடி முன்னால மரத்துல முட்டி நின்னுது. கடவுளே, எங்க பஸ்ஸும் அதே வழிதான் போயிருக்கும்." "இனிமே உங்க மிஷின சந்தேகமே படமாட்டேன் சார்."

"மிஷின் இல்ல சார். ஆத்தங்கரை ஓதிலம்மாதான் வாசல்ல போய்ப் பாத்துச் சொன்னாங்க. உங்க யாருக்கும் தெரியாதது அவங்க கண்ணுக்குத்தான் தெரிஞ்சுது."

பேருந்திலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளின் கூச்சல் போனில் கேட்டது.

"ஓதிலம்மாவா?" என்றார் கஸ்தோன் மெல்ல. "அவங்களுக்குப் பொறவியிலேயே கண்ணு தெரியாதே சார்."