பேதை என்று ஒரு தீர்ப்பு

"அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லுங்க வக்கீலய்யா. வீடு போனாலும் போவுது!"

தன் வீட்டுத் திரைக்கு உள்ளேயிருந்து ஹமீது பீவி போட்ட சத்தத்தில் வக்கீல் கிருபைராஜ் ஆடிப்போனார். கேஸ் ஜெயித்தவர்கள் வாழைக்குலையோடு வந்துதான் அவர் பார்த்திருக்கிறார். இப்படிச் சண்டைக்கு வந்து பார்த்ததில்லை.

கேஸ் சின்னதுதான். பேட்டையில் பெத்த வாப்பா அவளுக்கு விட்டுப்போன வீடு. "தீர்வை கட்டணும், இதுல ஒரு கைநாட்டு வையி லாத்தா" என்று தம்பி மதார் ஒரு காகிதத்தை நீட்டினான். கூடப் பிறந்தவன்தானே என்று வைத்துவிட்டாள். பாவி, அது வீட்டையே அவன் பேருக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரம்!

அந்தப் பத்திரம் செல்லாது, வீடு அவளுக்கே என்று கோர்ட்டில் முனிசீப் சாயபு தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த இங்கிலீஷ் தீர்ப்பைத்தான் வக்கீல் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். 'எழுத்து வாசனை இல்லாத, உலகம் தெரியாத பேதைப் பெண்' என்ற இடத்தில் பிடித்துக்கொண்டாள்.

"நானா பேதை? இந்தத் தெருவுல பாதிப் பொம்பளைக எங்கிட்ட குரான் ஓதுனவுக. அரபு எழுத்துல தமிழை எழுதுற அரபுத் தமிழ் எனக்குத் தண்ணி பட்ட பாடு. பத்திரத்துத் தமிழ் எழுத்துதான் தெரியாது. திரைக்குள்ள இருக்குற கோஷாப் பொம்பளைன்னு முனிசீப்பு இங்கன வந்துதான சாட்சி கேட்டாவ? அந்நேரம் உள்ள ஒரு பிள்ளை தப்பா ஓதுச்சு. சாட்சியை நிறுத்திட்டு நான் திருத்துனேனா இல்லையா? அதையும் காதால கேட்டுட்டுப் போயி இப்படியா எழுதுவாவ?"

வக்கீல் தீர்ப்பை மடித்து வைத்தார். அவள் விடவில்லை.

"ஆம்பிளை ஒருத்தன் இப்படி ஏமாந்தா என்ன எழுதுவாவ?"

"தம்பியை நம்பிக் கெட்டாருன்னு எழுதுவாவ."

"எனக்கும் அப்படி எழுதுனா குறைஞ்சா போயிருவாவ?"

"அப்படி எழுதி வாங்குன ஆம்பிளைக எல்லாம் கேஸ் தோத்தவங்கம்மா. விவரமான பொம்பளைன்னு எழுதிட்டா, 'தெரியாமலா கை வச்சா?'ன்னு கேட்டு, அப்பீல்ல ஜில்லாக் கோர்ட்டு துரை வீட்டைத் தூக்கி உங்க தம்பிகிட்ட குடுத்திருவாரு. அந்த ஒரு சொல்லுலதான் வீடு நிக்குது."

ஹமீது பீவி வாய் அடங்கியது. மனசு அடங்கவில்லை. முனிசீப்பு அதை மனசார நினைச்சுத்தான் எழுதினாரோ?

தோற்றுப்போன மதார் சும்மா இருப்பானா? வயிற்றெரிச்சல். பள்ளிவாசல் பக்கம் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான்.

"எங்க லாத்தா ஒண்ணும் தெரியாதவன்னு சர்க்காரே எழுதிருச்சுவே. அவகிட்டயா பிள்ளையளை ஓத அனுப்புதீரு?"

ஊர் வாய் சும்மா கிடக்குமா! ஒவ்வொரு பிள்ளையாக நின்றது. கடைசியில் வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. ஓதுகிற பலகைகள் சுவரோரம் கிடந்தன. ஹமீது பீவி அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். இந்த வீட்டை ஜெயித்து என்ன செய்ய?

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. வெள்ளைத் துப்பட்டியோடு ஒரு பெண் இறங்கினாள். கூடவே ஒரு சின்னப் பெண்.

"லாத்தா, இவளுக்கு நீங்கதான் ஓதிக் குடுக்கணும்."

ஹமீது பீவிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"ஊருக்குப் புதுசா நீங்க? நான் பேதைன்னு கோர்ட்டுல எழுதி வச்சிருக்காவ. கேள்விப்படலையா?"

"கேள்விப்பட்டேன் லாத்தா. எழுதுனவுகதான் இவ வாப்பா. 'ஓதுனா அவுககிட்டதான் ஓதணும்'னு வண்டி கட்டி அனுப்புனதும் அவுகதான்."