கடலுக்குப் போன படம்

"படம் பார்த்தியா, பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ! மத்தவன் சந்தோஷத்தைக் கெடுக்க உனக்கு யாருட்டி அதிகாரம் தந்தா?"

ரசிகர் வாட்ஸ்அப் குரூப்பில் நான் இப்படித்தான் பேசி அனுப்பினேன். ஆள் யாரென்று தெரியாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. அந்த ரோஜாப்பூவிடமிருந்து, பெண் குரலில், நாற்பது நிமிட வாய்ஸ் மெசேஜ். அன்று காலை ரிலீஸான படத்தின் கதை, முதலிலிருந்து முடிவுவரை!

நான் கருங்கல் சந்தையில் ஏத்தன் வாழைக்குலை வியாபாரி. தலைச்சுமையில் தொடங்கி லாரிவரை வந்தவன். எதற்கும் பேரம் பேசுவேன், சினிமா டிக்கெட்டுக்கு மட்டும் பேசியதில்லை. அன்றைக்கென்று பார்த்து லோடு வந்துவிட்டது. சாயங்காலக் காட்சிக்குத்தான் டிக்கெட்.

மதியம் லாரியில் உட்கார்ந்து, ஏதோ என்று நினைத்து அந்த மெசேஜை அமுக்கிவிட்டேன். விஷயம் தெரிந்ததும் நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.

மழை பெய்தது என்று அவள் சொல்லவில்லை. நாக்கை மடித்து மழையைப் பெய்ய வைத்தாள். படகு இன்ஜின் மூச்சுத் திணறுவதைத் தொண்டையிலேயே காட்டினாள். வில்லன் பேசும்போது எனக்குக் கை துறுதுறுத்தது. டிவியில் விளம்பரத்துக்கு நடுவே படம் பார்த்திருக்கிறேன், யூடியூப்பில் மார்க் போடுகிறவர்கள் கத்துவதையும் கேட்டிருக்கிறேன். முப்பது வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு படம் பார்த்தது அன்றைக்குத்தான்.

டிரைவர் ராஜையன் வந்து கதவைத் தட்டினான். "மொதலாளி, குலை இறக்கண்டாமா?"

"சும்மா இருலே! அவன் கடலுக்குள்ள கிடக்கான்!"

"எவன்?"

"ஹீரோலே!"

அவனும் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

படகு உடைந்து, விடிய விடிய நீந்தி, கடைசியில் ஹீரோ கரையேறுகிறான். பெண்டாட்டி அவன் காதுக்குள் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்துவிடுகிறாள். அவ்வளவுதான், முடிந்தது.

ராஜையன் துண்டால் முகத்தைத் துடைத்தான். என் கண்ணைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

அப்புறம்தான் கோபம் வந்தது. எனக்கென்று இருந்த சாயங்காலத்தை மதியமே எடுத்துக்கொண்டாளே! அதற்குத்தான் அந்தத் திட்டு.

அனுப்பிவிட்டுக் குலைகளை இறக்கினோம்.

சாயங்காலம் மார்த்தாண்டம் தியேட்டரில் ராஜையனோடு உட்கார்ந்தேன். அந்த மணல் துடைக்கிற இடம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. ஹீரோ கடலில் முங்கிச் செத்துப்போனான். திரை இருண்டது. விளக்கு எரிந்தது.

"மொதலாளி, நாம மத்தியானம் கேட்டது வேற படமோ?" என்றான் ராஜையன்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. தியேட்டர் வாசலில் நின்றே அடுத்த மெசேஜ் போட்டேன். "ஏட்டி பொய்க்காரி! அவன் எங்கட்டி கரைக்கு வந்தான்? கடல்ல முங்கிச் செத்தான்! என் ரெண்டு கண்ணால பார்த்துட்டு வாறேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க!"

ராஜையன் தலையைச் சொறிந்தான். "இப்ப முடிவச் சொன்னது நீங்கல்லா?"

"வண்டியை எடுலே!"

மறுநாள் காலை, சந்தையில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. அதே குரல். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணாச்சி, நான் தெங்காப்பட்டணத்துல இருந்து இர்ஷாதா பேசுகேன். குரூப்புல கதை சொன்னது நான்தான்."

நேற்று மதியத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த ஏட்டி எல்லாம் எங்கே போயிற்றோ! "மக்களே, என்னமா சொன்ன! ஆனா, முடிவை என்னத்துக்கு மாத்தின?"

"அந்தக் குரூப்பு எங்க ஊரு மீன்பிடி போட்டுக்காரங்க தொடங்கினதாக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பாதிப்பேர் மாதக்கணக்கில் வாயே திறக்க மாட்டார்கள். சோம்பேறிகள் என்று நினைத்திருந்தேன்.

"எங்க வீட்டு ஆளு உபைத் கடலுக்குப் போய் இருபத்தெட்டு நாளாச்சு. கூடப் பத்துப் பேரு. அங்க நெட் கிடையாது. அந்த நடிகர்னா அவருக்கு உயிரு. படம் வரும்போ நான் கரையில இல்லையேன்னு சொல்லிச் சொல்லித்தான் போனாரு. பின்னால போற போட்டுக்காரங்க குரூப்புல வாறத எல்லாம் போன்ல ஏத்திக் கொண்டுபோவாங்க. நடுக்கடல்ல வச்சு அவருக்குக் கொடுப்பாங்க. எல்லாரும் சுத்தி இருந்து கேப்பாங்க."

போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"கடல்ல கிடக்கிற ஆளுகள்ட்ட, கடல்ல ஒருத்தன் முங்கிச் செத்தான்னு என் வாயால எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்?"

சுற்றி நூறு பேர் ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கோடி கோடியாகக் கொட்டி அந்த ஹீரோவைச் சாகடித்திருக்கிறார்கள். ஒருத்தி வெறும் நாக்கை வைத்துக்கொண்டு அவனை உயிரோடு கரைசேர்த்திருக்கிறாள்.

"மக்களே, என் மெசேஜை இப்பவே அழிச்சிருதேன்."

"அழிச்சு? விடியக்காலமே ஒரு போட் போயாச்சு. நான் சொன்னதும் அதுல போவுது, நீங்க சொன்னதும் போவுது."

ஏலத்தை விட்டுவிட்டு லாரிப் பக்கம் நடந்தேன்.

"மத்தியானம் அடுத்த போட் கிளம்பும். நான் இனி என்ன சொன்னாலும் அவங்க நம்ப மாட்டாங்க. கண்ணால பார்த்தேன்னு சொன்னது நீங்க. அவனைக் கடல்ல கொன்னதும் நீங்க. மத்தியானத்துக்குள்ள நீங்களே பேசி அனுப்பி, அவனைக் கரைக்குக் கொண்டு வாங்க!"